மஞ்சளுக்குச் சான்று தேடிய கதை

தைத்திங்கள் பிறக்கும் நாளில் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மஞ்சள் கொத்துக்காக அலையும் அலைச்சலை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கரும்பு கிடைத்துவிடும். புத்தரிசியும் வெல்லமும் அங்காடியில் உண்டு. ஆனால் இலையும் கிழங்குமாகப் பானையின் கழுத்தில் கட்டுதற்குரிய பச்சை மஞ்சள் கொத்து மட்டும் எளிதில் அகப்படுவதில்லை. அகப்படாவிடினும் நாம் விடுவதில்லை. திருமண அழைப்பிதழின் மூலைகளில் மஞ்சள் தடவுகிறோம். புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் வைத்த பின்னரே உடுத்துகிறோம். காலில் கல் இடறிப் புண்ணானால் பிள்ளைக்கு முதலில் தேடுவதும் மஞ்சள்தான். இத்துணை நெருக்கமாக நம்மோடு வாழ்ந்து வரும் ஒரு பொருளின் குணத்தை, அமெரிக்க நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாளன்று, புதுவதாகக் கண்டறியப்பட்ட ஒன்றென ஏற்று உரிமைப் பட்டயம் வழங்கியது.

அந்தப் பட்டயத்தின் எண் 5,401,504. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்திற்கு அது வழங்கப்பட்டது. மஞ்சள் தூளை உட்கொள்ளச் செய்தோ மேலே பூசியோ புண்ணை ஆற்றும் முறை என்பதே அதன் சாரம். ஆறு கோரிக்கைகள் அதில் இருந்தன. கண்டுபிடித்தோராகப் பெயர் பதிவு செய்யப்பட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது இக்கதையில் ஒரு கசப்பான சுவை. ஆயினும் அவர்களைத் தூற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்கள் தங்கள் நாட்டுச் சட்டம் திறந்து வைத்திருந்த வாயில் வழியே நடந்தனர், அவ்வளவே.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுதல் நலம். அப்பட்டயத்தினால் ஈரோட்டுக் கிழவி தன் பேரனின் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் போடுவது குற்றமாகிவிடும் என்று அந்நாளில் மேடைகளில் முழங்கியோர் உண்டு. காப்புரிமை என்பது அதை வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஈரோட்டில் யாரும் யாரையும் தடுத்திருக்க முடியாது. தடை அமெரிக்க மண்ணில்தான்: அங்கே புண்ணாற்றும் மருந்தென மஞ்சளை விற்க விரும்பும் வணிகன், அவன் தஞ்சாவூரிலிருந்து சென்றவனாயினும், அந்த உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டியிருந்திருக்கும். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழும் நம்போன்றோர்க்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். ஊரில் யாரும் கேள்வி கேளாத வழக்கம் ஒன்றுக்கு வெளியூரில் நாம் சான்று காட்ட வேண்டியவர்களாகிறோம்.

சான்று என்ற சொல்லில்தான் இக்கதையின் முடிச்சு இருக்கிறது. ஒரு பொருளோ முறையோ புதியதாக இருந்தாலன்றிக் காப்புரிமை பெறாது என்பது எந்நாட்டிற்கும் பொது விதி. புதியதா பழையதா என்று தீர்மானிப்பது எங்ஙனம்? அமெரிக்காவின் அன்றைய சட்டம் இதற்கு ஒரு விசித்திரமான கோடு கிழித்திருந்தது. அந்நாட்டிற்குள் மக்கள் அறிந்தோ பயன்படுத்தியோ வந்த ஒன்று, எழுத்தில் இல்லாவிடினும் பழையது. அந்நாட்டிற்கு வெளியே உள்ள அறிவோ, ஏற்கெனவே காப்புரிமை பெற்றிருந்தாலன்றி, அச்சிட்ட வெளியீட்டில் இடம்பெற்றிருந்தால் மட்டுமே பழையது. சுருங்கக் கூறின், அமெரிக்கப் பாட்டி செய்து வந்தாலே சான்று. நம் பாட்டி செய்து வந்தால் சான்றன்று, அதைப் பற்றி யாரேனும் அச்சிட்டிருந்தால்தான் சான்று. இளமையில் பவானியாற்றங்கரை ஊரொன்றில் முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்த போதெல்லாம் என் அத்தையார் நல்லெண்ணெயில் மஞ்சள் குழைத்து வைத்தார். அச்சட்டத்தின் கண்ணில் அவர் அறிந்தது அறிவே அன்று.

இதைக் கேட்டுப் பலர் சினங்கொண்டனர். எனக்கு வியப்பு உண்டாகவில்லை என்று சொன்னால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். கோப்புகளுக்கிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். எல்லோரும் அறிந்த உண்மையொன்றைக் குறிப்பில் எழுதாமல் விட்டுவிட்டு, பத்தாண்டு கழித்து அதை மெய்ப்பிக்க முடியாமல் திகைத்த அலுவலர்களைக் கண்டிருக்கிறேன். எழுதப்படாதது நிகழவில்லை என்பது அலுவலகத்தின் பழைய விதி. உலக வாணிகம் அந்த விதியைக் கடல் கடந்த நாடுகளுக்கும் கொண்டு சென்றது, வேறொன்றுமில்லை.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1991ஆம் ஆண்டில் நம் நாடு தன் பொருளாதாரக் கதவுகளைத் திறந்தது. 1995 சனவரி முதல் நாள் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அறிவுச் சொத்து பற்றிய உடன்படிக்கையும் அதனுடன் சேர்ந்தே நடைமுறைக்கு வந்தது. மஞ்சள் பட்டயம் வழங்கப்பட்டது அதற்கு மூன்று திங்கள் கழித்து. இவ்விரண்டிற்கும் நேரான காரண காரியத் தொடர்பு இல்லை. விண்ணப்பம் 1993 இறுதியிலேயே தரப்பட்டுவிட்டது. ஆனால் இந்திய மக்களின் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே பதிந்தன.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். இந்தியாவின் விளைபொருள்களைத் தொகுத்து எழுதும் முயற்சியை முதலில் பெருமளவில் மேற்கொண்டவர் ஆங்கில ஆட்சியில் பணிபுரிந்த ஜார்ஜ் வாட் என்பார். அவர் தொகுத்த பொருளாதார விளைபொருள் அகராதி 1889 முதல் வெளிவந்தது. அது ஆள்வோரின் வாணிகத்திற்காக எழுந்த நூல் என்பதில் ஐயமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நூலைப் புதுப்பிக்கும் எண்ணம் எழுந்தது. அப்போது நாட்டில் ஆராய்ச்சிக்கெனத் தனி அமைப்பு ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. வைசிராயின் நிர்வாக சபையில் வணிகத்துறை உறுப்பினராக இருந்த ஆற்காடு இராமசாமி முதலியாரின் முயற்சியால் 1940இல் அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்தது. சாந்தி சுவரூப் பட்நாகர் அதற்குத் தலைமை தாங்க வந்தார். 1942 செப்டம்பரில் அது விரிந்து, இன்று சி.எஸ்.ஐ.ஆர். என நாமெல்லாம் அழைக்கும் ஆராய்ச்சி மன்றமாயிற்று. அம்மன்றத்தின் வெளியீடாக ‘இந்தியாவின் செல்வம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலக் களஞ்சியத்தின் முதல் தொகுதி 1948இல் வந்தது. அதில் வேம்பு இடம்பெற்றது. 1950இல் வந்த இரண்டாம் தொகுதியில் மஞ்சள் இடம்பெற்றது. மூலப் பொருள்கள் பற்றிய வரிசை 1976இல் பதினோராம் தொகுதியோடு நிறைவுற்றது.

அந்நாளைய புதுதில்லியில் அறிவியலின் ஒரு முனையில் நம்மவர் இருவர் நின்றனர். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருட்டிணன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். பூசாப் பகுதியில் அவ்வாய்வகம் நிற்கும் சாலை இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது; கரோல்பாக்கில் குடியிருந்த முன்னைத் தலைமுறைத் தமிழர் பலர் நடந்து சென்றே அலுவல் பார்த்த வட்டாரம் அது. மற்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராகத் தொடங்கி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, நூலகக் கலைக்கே இலக்கணம் வகுத்தவர். 1947 முதல் 1954 வரை அவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். நூல் எத்துணை உயர்ந்ததாயினும் தேடுவோன் கைக்குக் கிட்டாவிடில் அஃது இல்லாததற்குச் சமம் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். ஆவணப்படுத்தல் என்னும் துறை இந்தியாவில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1952இல் யுனெஸ்கோ அமைப்பின் உதவியோடு இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் தொடங்கப்பெற்றது. தொடக்க ஆண்டுகளில் அது இயற்பியல் ஆய்வகத்தின் நிழலிலேயே வளர்ந்தது. அதன் பணி யாது? வெளிநாட்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு ஒளிப்படி எடுத்துத் தருதல். செருமானியம், உருசியம், சப்பானியம் முதலிய மொழிகளில் உள்ளவற்றை நம் ஆய்வாளர்க்கு மொழிபெயர்த்துத் தருதல். அதாவது, அறிவு வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும் என்பதே அன்றைய கவலை. 1965 முதல் இந்திய ஆய்வுகளின் சுருக்கங்களும் ஆங்கிலத்தில் வெளிவரலாயின. ஆயினும் அவை ஆய்வாளர்க்கு ஆய்வாளர் எழுதியவை. நம் வீட்டு அடுக்களையில் உள்ளதை உலகோர்க்கு எழுதிக் காட்ட வேண்டிய நாள் வரும் என்று அன்று எவரும் கருதியதாகத் தெரியவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பசித்தவன் முதலில் தன் வயிற்றைத்தான் நினைப்பான்.

இனி மஞ்சளுக்கு வருவோம். 1996 அக்டோபரில் சி.எஸ்.ஐ.ஆர். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் மறு ஆய்வுக்கு விண்ணப்பம் தந்தது. இரகுநாத் மஷேல்கர் அப்போது அதன் தலைமை இயக்குநர். விண்ணப்பத்துடன் 32 சான்றுகள் இணைக்கப்பட்டன. அவற்றுள் சில நூறாண்டுக்கு மேற்பட்டவை; வடமொழியிலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்தவை. வடமொழி மருத்துவ நூலொன்றும், இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953இல் வெளிவந்த கட்டுரையொன்றும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 1997 ஆகஸ்டில் ஆறு கோரிக்கைகளும் தள்ளப்பட்டன. வளரும் நாடொன்றின் மரபறிவை முன்னிறுத்தி அமெரிக்கக் காப்புரிமை ஒன்று எதிர்த்து வெல்லப்பட்ட முதல் நிகழ்ச்சி இது என்பர்.

வெற்றிச் செய்தி வந்தபோது நாளிதழ்கள் மன்றத்தின் தலைவரைப் பாராட்டின. பாராட்டு தகும். ஆனால் எனக்கு அந்த 32 தாள்களைத் தேடி எடுத்தவர்களே கண்முன் நிற்கின்றனர். எந்த அலமாரியில் எந்தத் தொகுதி இருக்கிறது என்று அறிந்த நூலகர். மங்கிய உருது எழுத்தைப் படித்து ஆங்கிலத்தில் வரிக்கு வரி எழுதியவர். ‘இம்மொழிபெயர்ப்பு உண்மையானது’ எனச் சான்றளித்தவர். இன்னும் ஒருவர் இருக்கிறார். 1953இல் அக்கட்டுரையை எழுதிய மருத்துவர், காப்புரிமைச் சண்டை எதையும் மனத்திற்கொண்டு அதை எழுதியிருக்க மாட்டார். தாம் கண்டதைச் சக மருத்துவர்க்குச் சொல்ல எண்ணினார், சஞ்சிகையில் எழுதினார். அது 43 ஆண்டுகள் நூலகத்தில் தூங்கிற்று. வேண்டிய நாளில் எழுந்து வந்து சாட்சி சொல்லிற்று. அறிவியலை எழுதுவது ஆய்வுக்குப் பிறகு செய்யும் ஒப்பனை என்று எண்ணும் ஆய்வு நிலையத்தார் இன்றும் உளர். அவர்கள் இக்கட்டுரையின் கதையைக் கேட்க வேண்டும்.

வேம்பின் வழக்கு இவ்வளவு விரைவில் முடியவில்லை. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு, கிரேசு என்னும் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவாவின் அமைப்பும் ஐரோப்பிய நண்பர் சிலரும் மறுநாளாண்டு எதிர்ப்பைப் பதிவு செய்தனர். 2000 மே மாதத்தில் உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடு தள்ளப்பட்டு வழக்கு முற்றாக முடிந்தது 2005 மார்ச்சில். ஒரு வேப்பங்கன்று மரமாகிக் காய்க்கும் காலம்! உழவர் ஒவ்வொருவரும் அறிந்த ஒன்றை மெய்ப்பிக்கப் பத்தாண்டு தேவைப்பட்டது. இப்படி ஒவ்வொரு மூலிகைக்கும் வழக்காடினால் நாட்டின் கருவூலமும் போதாது, வாழ்நாளும் போதாது.

ஆகவே வேறு வழி தேடப்பட்டது. பட்டயம் வழங்கிய பின் வழக்காடுவதை விட, வழங்குமுன் அதைப் பரிசீலிக்கும் அலுவலரின் மேசை மீதே சான்றை வைத்துவிட்டால் என்ன? 2001இல் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பும் இந்திய மருத்துவ முறைகளுக்கான அரசுத் துறையும் இணைந்து மரபறிவு மின்னூலகம் என்னும் பெரும்பணியைத் தொடங்கின. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகியவற்றின் நூல்களிலிருந்தும், பின்னர் யோகக் கலையிலிருந்தும் செய்திகள் திரட்டப்பட்டன. மூல மொழிகள் வடமொழி, இந்தி, அரபு, பாரசீகம், உருது, தமிழ். அவை ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம், இசுபானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்பட்டன. இன்று நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட மருந்து முறைகளும் செயல்முறைகளும் அதில் அடங்கியுள்ளன.

இவ்வேலையின் அருமையை உணர வேண்டுமாயின் நம் சித்த நூல்களை ஒருமுறை புரட்ட வேண்டும். மஞ்சளுக்கு அங்கே அரிசனம், பீதம், கான்சனி, நிசி என்றெல்லாம் பெயர்கள் உண்டு. நிசி என்றால் நள்ளிரவு என்றே நம்மில் பெரும்பாலோர் பொருள் கொள்வோம். வடமொழியில் இரவைக் குறிக்கும் சொற்கள் மஞ்சளுக்கும் பெயராவது மரபு. அங்கிருந்து வந்த வழக்கு இது. ‘நிசி’ என்று பாடலில் வருவதை மஞ்சள் என்று கண்டுகொள்ளச் சித்த மருத்துவம் பயின்ற ஒருவர் வேண்டும். அது எந்த இலத்தீன் பெயருக்குரிய செடி என்று சொல்லத் தாவரவியல் அறிஞர் வேண்டும். பாடலில் வரும் நோயின் பெயர் இன்றைய மருத்துவத்தில் எதைக் குறிக்கும்? கழஞ்சும் பலமும் வராகனெடையும் இன்றைய நிறுவையில் எவ்வளவு? இவற்றுக்கெல்லாம் விடை கண்டு, ஒவ்வொரு முறையையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியெண் கொடுத்து, அக்குறியெண்களிலிருந்து கணிப்பொறி ஐந்து மொழிகளிலும் வாசகத்தை எழுப்புமாறு செய்தனர். இது சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் மொழிபெயர்ப்பன்று. அறிவைப் பகுத்துக் குறியிட்டு அடுக்கும் இம்முறையைக் காணும்போது, பொருளை அதன் முகங்களாகப் பகுத்துக் குறியெண் தந்த சீர்காழிப் பெரியாரின் நினைவு வராமல் போகாது.

வகைப்பாட்டிலும் ஒரு பழைய குறை நீங்கிற்று. உலகக் காப்புரிமை வகைப்பாட்டில் மூலிகை மருந்துகளுக்கெல்லாம் சேர்த்து முன்னர் ஒரே ஓர் அறைதான் இருந்தது. வேம்பும் மஞ்சளும் துளசியும் அதற்குள் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தேடுபவர் எங்ஙனம் தேடுவார்? இந்திய முயற்சியின் பயனாக அவ்வறை சுமார் இருநூறு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. 2009 தொடங்கி ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், அதனைத் தொடர்ந்து அமெரிக்கா, செருமனி, பிரிட்டன், கனடா, சப்பான் முதலிய நாடுகளின் அலுவலகங்கள் இம்மின்னூலகத்தைப் பார்க்க ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பின்னர்ப் பல விண்ணப்பங்கள், பட்டயமாகுமுன்னரே விண்ணப்பித்தோரால் திரும்பப் பெறப்பட்டன; சில தள்ளப்பட்டன. வழக்கு மன்றம் ஏறாமல், முழக்கமில்லாமல், ஒரு கடிதத்திலேயே முடிந்த வெற்றிகள் அவை. எழுத்தர்களுக்கே உரிய வெற்றி என்று நான் உள்ளூர மகிழ்வதுண்டு.

மின்னூலகத்தை உருவாக்கிய நிலையங்களின் பெயர்களோ நிலையாக நின்றதில்லை. ஆவண மையமும், அறிவியல் இதழ்களை வெளியிட்டு வந்த நிலையமும் 2002இல் ஒன்றாயின. 2021இல் அது மற்றொரு நிலையத்துடன் மீண்டும் இணைந்து புதுப்பெயர் பூண்டது. பெயர்ப்பலகை மாறினாலும் கோப்பு எண் தொடர்ந்து வரும் என்பதை அரசுப் பணியில் இருப்போர் அறிவர்.

இதுகாறும் கூறியது பெருமைக்குரிய பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் சித்தர் பாடல்கள் சப்பானிய மொழியில் கிடைக்கின்றன; செருமானிய மொழியில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை முழுமையாகப் பார்க்கும் உரிமை நெடுங்காலம் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே இருந்தது. பொதுமக்கள் கண்டது சில மாதிரிப் பக்கங்களை. அதற்குக் காரணம் உண்டு. ஐந்து உலக மொழிகளில் தெளிவாக எழுதிய மருந்து முறைகளை எல்லோர்க்கும் திறந்து வைத்தால், திருடுவோர்க்கு நாமே வழிகாட்டியவராவோம் என்ற அச்சம். அச்சம் நியாயமானதே. எனினும் முடிவில் என்ன நேர்ந்தது? பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் பயிலும் மாணவன், தன் முன்னோர் பாடலுக்கு அரசு நிலையம் கண்ட பொருளைப் பார்க்க இயலாதிருக்க, மியூனிக்கில் அமர்ந்த அலுவலர் பார்த்துக்கொண்டிருந்தார். 2022 ஆகஸ்டில் நடுவண் அமைச்சரவை, காப்புரிமை அலுவலகங்கள் அல்லாத பிறருக்கும் படிப்படியாக இதைத் திறக்க ஒப்புதல் அளித்தது. இருபத்தோர் ஆண்டு கழித்து வந்த ஒப்புதல்.

அறிவியலைத் தம் மக்களுக்குச் சொல்வதில் நம் ஆராய்ச்சி நிலையங்கள் காட்டிய ஆர்வம் என்றுமே ஏறத்தாழத்தான் இருந்திருக்கிறது. 1952இல் இந்தியில் ‘விஞ்ஞான் பிரகதி’, 1964இல் ஆங்கிலத்தில் ‘சயன்ஸ் ரிப்போர்ட்டர்’, பின்னர் உருதுவில் ஒன்று என இதழ்கள் வந்தன, அவை போற்றத்தக்கவை. தமிழில் அப்பணியைச் செய்தவர் வேறு. கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரனார் நடத்திய ‘கலைக்கதிர்’, பெரியசாமித் தூரனின் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், பெ. நா. அப்புசாமி ஐயர் முதியவராகும்வரை எழுதிய கட்டுரைகள், இவையெல்லாம் தனி மனிதராலும் கழகங்களாலும் நடந்தவை. ஆய்வுக்கூடங்களின் வாயிலிலிருந்து வந்தவையல்ல. அறிவியல் பரப்புதற்கென்றே 1989இல் நடுவண் அரசு நிறுவிய ‘விஞ்ஞான் பிரசார்’ பிற்காலத்தில் தமிழிலும் ஒரு மாத இதழ் வெளியிட்டது. அந்நிறுவனமே 2023இல் மூடப்பட்டது. உலகுக்கு விளக்கம் சொல்ல மொழிபெயர்ப்பாளர் பலரை அமர்த்த முடிந்த நாட்டில், உள்ளூர்க்கு விளக்கம் சொல்லும் நிலையம் ஒன்றைக் காக்க இயலவில்லை என்பது எனக்கு விளங்காத கணக்கு.

அதன் விளைவு வெறும் அறியாமையோடு நிற்பதில்லை. எழுதப்படாத அறிவு இன்னும் ஏராளமாக உண்டு. அது நூல்களில் இல்லை, மனிதரிடம் இருக்கிறது. அம்மனிதரிடம் ஆய்வு நிலையம் எங்ஙனம் பேசுகிறது என்பதே கேள்வி. இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு அகத்தியர் மலையில் கிடைக்கிறது. 1987இல் அங்கு ஆய்வுக்குச் சென்ற அறிவியலார், வழிகாட்டிய காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுவிட்டுச் சோர்வின்றி மலையேறுவதைக் கண்டனர். முதலில் அவர்கள் சொல்ல மறுத்தனர். பின்னர் ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் அச்செடியைக் காட்டினர். திருவனந்தபுரத்தை அடுத்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குப் பத்து இலட்சம் உரூபாய்க்கும் இரண்டு விழுக்காடு உரிமைத் தொகைக்கும் அளித்தது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று நிலையமே தீர்மானித்தது. 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பின்னர் அதில் பிணக்குகள் வாராமல் இல்லை; காணிகள் எல்லோரையும் கேட்டா முடிவு செய்தீர்கள் என்ற வினாவும் எழுந்தது. இருப்பினும், சொன்னவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், பங்கும் தர வேண்டும் என்ற நினைவு ஓர் ஆய்வு நிலையத்திற்கு வந்ததே, அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். பல்லுயிர்ச் சட்டம் நிறைவேறியது 2002இல்தான். அதன் தேசிய ஆணையம் சென்னையில் அமைந்தது 2003இல்.

அமெரிக்கச் சட்டத்தின் அந்த விசித்திரக் கோடும் இப்போது இல்லை. 2011இல் இயற்றப்பட்டு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உலகில் எங்கு மக்கள் பயன்பாட்டில் இருந்தாலும் அது பழையதே. 2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுச் சொத்து அமைப்பின் மாநாடு புதிய உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. மரபு வளத்தையோ அதனைச் சார்ந்த மரபறிவையோ அடிப்படையாகக் கொண்ட காப்புரிமை விண்ணப்பத்தில் அதன் மூலம் எது என்று வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் உள்ளுறை. இனி என் அத்தையாரும் சட்டத்தின் கண்ணில் அறிவுடையவராகிவிட்டார். எனினும் சட்டம் ஏற்பது வேறு, அலுவலர் அறிவது வேறு. தம் மேசையில் இருந்து தேடும் அலுவலர்க்கு எழுத்தில் இல்லாத ஒன்று இன்றும் புலப்படாது.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் களத்தில் மஞ்சள் காயவைத்துக்கொண்டிருந்த உறவினர் பெருமையோடு சொன்னார். எண்பதைக் கடந்த அத்தையார் திண்ணையில் இருந்தார். என் மகள் தில்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளை அருகில் அமர்த்தி, அத்தையார் சொல்லும் கைவைத்தியங்களை ஒவ்வொன்றாக எழுதச் செய்தேன். பொருள், அளவு, செய்முறை, எந்த நோவுக்கு, யாரிடம் கற்றது; அலுவலகப் பழக்கம் விடுமா, நாளும் ஊரும் இடச் செய்தேன். சுக்கு, ஓமம், நொச்சி என்று ஆறேழு பக்கம் ஆயிற்று. மஞ்சளுக்கு வந்தபோது அத்தையார் பேச்சை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, மஞ்சப் போட்டாப் புண்ணு ஆறுமுங்கறதையுமா எழுதி வெக்கோணும்?” என்றார்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். எழுது என்றேன்.